குளத்துக்குள் சொன்ன சேதி

குளத்து மேட்டில் முள்ளி என்ற முள்ளம்பன்றி வளை தோண்டி, பால்குடி மறக்காத இரண்டு குட்டிகளோடு இருந்தது. எவ்வளவு மழை பெய்தாலும் அந்த மேட்டில் தண்ணீர் ஏறாது. அதனால் காட்டுத் தலையாரி நரிக்கு அந்த வளைமேல் ஒரு கண். ஆனால் முள்ளைப் பார்த்தால் மூக்கு கூசும்! அதனால் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்தது.

“ஏய் முள்ளி! மயில் முட்டையைத் தின்னது நீதானாம். பொழுது சாயறதுக்குள்ள வளையைக் காலி பண்ணு!”

“ஐயோ தலையாரி, நான் கிழங்கு தின்கிறவளுங்க! மழை வர்ற நேரத்துல பிள்ளைகளோட எங்கே போவேன்?”

“தீர்ப்பு ஆயிடுச்சு!”

நாலு பேர் முன்னால் பேசியறியாத முள்ளி, அழுதுகொண்டே குட்டிகளை எழுப்பப் போனது.

அந்தக் காட்டில் நியாயம் சொல்வது யானையம்மா. அங்கே ஒரு வழக்கம். யாரையும் வெளியேற்றும் முன், ‘யானையம்மாகிட்ட உன் பக்கத்தைச் சொல்ல உனக்கு உரிமை இருக்கு’ என்று தலையாரி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நரி அதையும் விடவில்லை. குளத்தில் மூஞ்சியை முக்கி, குபுகுபுவென்று அதைச் சொல்லிவிட்டு நிமிர்ந்தது.

“சொல்லியாச்சு! இனி யாரும் குறை சொல்ல முடியாது!”

தண்ணீருக்குள் தூங்கிய தவளை தலையை நீட்டியது. “ஏன் மாமா, என் காதுக்குள்ள வந்து கத்துறீங்க? யானையம்மாகிட்ட நான் என்னத்தைச் சொல்ல?”

“உனக்கில்லைடா! அந்த முள்ளிக்கு!”

“அப்படியா? அவளுக்குக் கேட்டிருக்காதே!”

தவளை வாய் சும்மா இருக்குமா? அது கத்த, மற்ற தவளைகளும் சேர்ந்து கத்தின. “முள்ளி! உன் பக்கத்தைச் சொல்ல உனக்கு உரிமை இருக்கு!”

முள்ளி முள்ளெல்லாம் சிலிர்க்க யானையிடம் ஓடியது. யானை நரியைக் கூப்பிட்டது.

“இவ தின்னதைப் பார்த்தியா?”

“என் ரெண்டு கண்ணால பார்த்தேன் தாயி!”

முள்ளி வாயைத் திறந்தது. “அம்மா, நான் முட்டையைத் தொட்டதுகூட இல்லை. அது அவ்வளவு ருசியாவா இருக்கும்?”

நரி சப்புக் கொட்டியது. “ருசியாவா! அன்னைக்கு ரெண்டாவது முட்டைதான் கொஞ்சம் கூழாப் போச்சு. மத்ததெல்லாம்…”

நரி வாயைப் பொத்திக்கொண்டது. ரொம்பத் தாமதம்!

யானை நரியைத் தும்பிக்கையால் தூக்கிக் குளத்தில் போட்டது. “இப்ப உன் பக்கத்தைச் சொல்லு! தவளைங்க கேட்கும்!”

அன்று பெய்த மழையில் முள்ளியும் குட்டிகளும் நனையவில்லை.

உன் பக்கத்தைச் சொல்லலாம் என்பதைக் காதில் விழும்படி சொல்லாமல் கொடுக்கும் தண்டனை, நீதியே ஆகாது.