இன்னும் ஒரு ஆள்

முப்பத்தோராம் பகுதி கெட்டுப்போனது. கெடுத்தவர் இன்னாசி.

ஜாம்பிகள் ஊரைப் பிடித்துக்கொள்ள, ஒரு டவுன் பஸ்ஸில் மாட்டிக்கொண்ட இருபத்தாறு பேர் பிழைக்கப் பார்க்கும் டிவி தொடர் அது. எழுதுகிறவர் கனகவல்லி. அவரிடம் எழுத்து கற்றவர்கள் இரண்டு பேர். இன்னாசி ஆசிரியையைவிடப் பத்து வயது மூத்தவர். நான்கு வருடமாக இருக்கிறார். பர்வீன் வந்து எட்டு மாதம்.

கண்டக்டர் சுடலைமுத்துவை உண்டாக்கியது இன்னாசி. பால்வாடி ஆயா செல்லக்கிளியை உண்டாக்கியது பர்வீன். ஜனங்களுக்குப் பிடித்துப்போனது செல்லக்கிளியை. கடைத்தெருவில் இன்னாசியை நிறுத்தி, “ஆயாவைக் கொன்னுராதீங்க சார்” என்றார்கள். கண்டக்டரைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

முப்பத்தோராம் பகுதி எப்படியெல்லாம் போகலாம் என்று யோசித்து வரச் சொன்னார் கனகவல்லி. இன்னாசி நான்கு கதை கொண்டுவந்தார்.

கனகவல்லி படித்தார்.

“முதல் கதையில செல்லக்கிளியைக் குழாயடியில ஜாம்பி கடிச்சுடுது.”

“ஆமா மேடம்.”

“ரெண்டாவதுல பஸ் கூரையில இருந்து விழுந்துடறா. மூணாவதுல மாத்திரையை மாத்தி முழுங்கிடறா.”

“ஒரே மாதிரி இருக்கக் கூடாதேன்னு.”

“நாலாவதுல?”

“தியாகம் பண்றா மேடம். பெரிய சீன்.”

“நாலாவது பரவாயில்லண்ணே” என்றாள் பர்வீன். “மாலையெல்லாம் போடறீங்க.”

இன்னாசி அவள் பக்கம் திரும்பவில்லை. “ஜாம்பி கதைன்னா யாராவது சாகணும்ல மேடம்?”

“சாகணும். சேனல்லயும் சொல்லிட்டாங்க. இந்தப் பகுதியோட ஒரு ஆள் போகணும். செல்லக்கிளி, இல்ல சுடலைமுத்து.”

சுடலைமுத்து போனால் இன்னாசிக்கு எழுத ஆளே இல்லை.

“மாத்தி எழுதுங்க” என்றார் கனகவல்லி. “அவ உங்க ஆளை எழுதட்டும். நீங்க அவ ஆளை எழுதுங்க. எந்த ஆள் பேப்பர்ல உயிரோட இருக்கோ, அந்த ஆள் இருக்கட்டும்.”

இன்னாசிக்குப் புரிந்தது. செல்லக்கிளியை நன்றாக எழுதினால் தன் ஆள் சாவான்.

மறுநாள் காலை பக்கங்களைக் கொடுத்தார். அதில் செல்லக்கிளி சாகவில்லை. எட்டு சீனிலும் கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு இடத்தில் “சரிங்க” என்றாள். அவ்வளவுதான்.

“பேச மாட்டேங்கறா” என்றார் கனகவல்லி. “சிரிக்க மாட்டேங்கறா. சத்தம் கேட்ட பக்கம் தலையைத் திருப்பறா. எல்லாரும் நடந்தா நடக்கறா. நம்ம தொடர்ல இதுக்கு என்ன பேர்?”

இன்னாசி கழுத்தைத் தடவிக்கொண்டார்.

“கடிக்காமலே ஆக்கிட்டீங்க.”

பர்வீன் எழுதிய பக்கத்தைக் கனகவல்லி அவர் முன்னால் தள்ளினார்.

பஸ்ஸைச் சுற்றி ஜாம்பிகள். டிரைவர் இன்ஜினை ஓடவிட்டு விசிலுக்குக் காத்திருக்கிறார். உள்ளே எல்லாரும் கத்துகிறார்கள். சுடலைமுத்து தலைகளை எண்ணுகிறார். இருபத்தைந்து. விசில் வாயில் இருக்கிறது. ஊதவில்லை. “இன்னும் ஒரு ஆள் ஏறணும்” என்கிறார்.

வெளியே நிற்பது யார் என்று பர்வீன் எழுதவில்லை. பக்கம் அங்கேயே நின்றுவிட்டது.

இன்னாசி இரண்டு முறை படித்தார். முகம் கறுத்தது.

“எங்கிட்ட பத்து மாசமா இருக்கான் மேடம். இப்படி ஒரு வார்த்தை பேசினதில்ல.”

“பேச விட்டீங்களா?”

“இவகிட்ட மட்டும் பேசறானே.”

“எனக்கு மட்டும் வயிறு எரியலையாண்ணே?” என்றாள் பர்வீன். “இப்படி ஒரு ஆளு எனக்குத் தோணலையே. நானும் மேல எழுதிப் பார்த்தேன். முடியல.”

“மதியம் ஷூட்டிங்” என்றார் கனகவல்லி. “சாப்பாடு வர வரைக்கும் நேரம் இருக்கு.”

இன்னாசி அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு போய் மாடிப்படியில் உட்கார்ந்தார். வெளியே நிற்பது செல்லக்கிளி என்று எழுதினார். பிள்ளைகளுக்குச் சத்துமாவு எடுக்கப் போனவள், டப்பாவோடு ஓடி வருகிறாள். இன்னும் இருபது அடி.

‘சுடலைமுத்து விசில் ஊதுகிறார்’ என்று எழுதினார். ஊதினால் போதும். பஸ் போய்விடும். அவள் கதை முடிந்தது. தான் கொன்றதாகவும் இருக்காது.

அடித்தார். மறுபடி எழுதினார். அடித்தார்.

சாப்பாடு வந்தபோது பக்கமும் வந்தது. கனகவல்லி வாய்விட்டுப் படித்தார்.

“கையைக் குடு ஆயா!”

“என் கை கிடக்கட்டும். மாவு டப்பாவைப் பிடிய்யா முதல்ல! நாலு பிள்ளை பசியோட உட்கார்ந்திருக்கு, நீ கையைப் பிடிக்க வந்துட்ட!”

சுடலைமுத்து டப்பாவை வாங்கி உள்ளே வீசுகிறார். அவளை இழுத்து மேலே தள்ளுகிறார். அவர் கால் இன்னும் படியில். அந்தக் காலை ஒரு ஜாம்பி கடித்துவிடுகிறது. அவர் ஒரு நிமிஷம் காலைப் பார்க்கிறார். ரோட்டில் இறங்கிக்கொள்கிறார். தலையை எண்ணத் தேவையில்லை. ரெண்டு விசில் கொடுக்கிறார். பஸ் கிளம்புகிறது.

கனகவல்லி பக்கத்தைக் கீழே வைத்தார்.

“உங்க ஆளையே கொன்னுட்டீங்க” என்றார் கனகவல்லி.

“நான் ஊதச் சொன்னேன் மேடம். ரெண்டு தடவை எழுதினேன். அவன் ஊதல.”

பர்வீன் மூக்கை உறிஞ்சினாள். “இதை நான் எழுதியிருக்கணும்ணே.”

“எழுதலைல்ல?” என்றார் இன்னாசி. கொஞ்சம் சந்தோஷமாகவே.

கனகவல்லி பேனாவை மூடினார். “பொறாமை போயிடுச்சா?”

இன்னாசி பர்வீனைப் பார்த்தார். செல்லக்கிளி இனி ஐம்பது பகுதிக்கும் இருப்பாள்.

“இல்ல மேடம். அப்படியே இருக்கு.”

“தெரியுது.”

“அப்ப இந்தப் பகுதியைச் சரிபண்ணது யாரு மேடம்? நான் இல்லையா?”

கனகவல்லி பக்கங்களை அடுக்கி, ஷூட்டிங்குக்கு அனுப்ப உறையில் போட்டார்.

“சுடலைமுத்து.”