பின்பக்கம் திறக்கும் பெட்டி

ஒரு ஊர்ல ஒரு பூட்டு ஆசாரி இருந்தாரு. ஊரென்ன ஊரு, நம்ம திண்டுக்கல்தான். ஆசாரி யாரு? உங்க தாத்தா நாகலிங்கம், என்னைப் பெத்த அப்பா. ம் கொட்டுடா!

"ம்."

வேலை முடிஞ்சு வந்தா கையெல்லாம் கரி, மடியெல்லாம் எங்களுக்கு வறுகடலை. வாய் மட்டும், "என் பூட்டை எமனாலகூடத் தெறக்க முடியாது!"

அப்போ எனக்குக் கல்யாணம். சம்பந்திக்காரங்க தாலியை அவருகிட்டயே குடுத்து, "நீங்களே பத்திரமா வைங்க"ன்னாங்க. அவருக்குத் தலைகால் புரியல. பெட்டிக்குள்ள வச்சு, இருக்கிறதுலயே நல்ல பூட்டாப் போட்டு, டொக்!

விடிஞ்சா, சாவியக் காணோம்.

"ஐயையோ!"

ஐயரு நேரமாச்சுங்கிறாரு. மாப்பிள்ளையோட மாமா, "இந்த முகூர்த்தம் தப்பினா நாங்க கெளம்புறோம்"ங்கிறாரு. மணையில உக்காந்திருக்கேன், எனக்கு அழுகை முட்டுது.

அப்பா கம்பியை விட்டுக் குடைஞ்சாரு. கிறீச் கிறீச். ம்ஹூம். அப்புறம் பட்டறையில இருந்த சாவியெல்லாம் கொண்டுவந்து போட்டுப் பாத்தாரு. கலகல கலகல. ம்ஹூம். அப்புறம் கண்ணை மூடிக்கிட்டு, சுத்தியலால டமார் டமார்! பூட்டு அசையல. அப்பா மொகத்துல அப்படியொரு சிரிப்பு! "பாத்தீங்களா என் பூட்டை?"

எங்கம்மா தலையில அடிச்சுக்கிட்டா. "பூட்டைக் கொஞ்சினது போதும். பெட்டியைத் திருப்பிப் பின்னாடி கீலைக் கழட்டுங்க!"

டக், டக். மூடி பின்பக்கமாத் தெறந்துச்சு. டும்டும் டும்டும், கெட்டிமேளம்!

அப்புறம் பந்தியில அப்பா மூணாவது தடவை பாயசம் குடிச்சிட்டு, வயிறு முட்டி, அரைஞாணைத் தளத்துனாரு. கிணிங்!

"சாவி!"

அதேதான். தொலையக்கூடாதுன்னு ராத்திரி அவரே அரைஞாண்ல கட்டினது!

அம்மா, "இப்பவாவது தெறங்க"ன்னா. "மாட்டேன். என் மக கல்யாணத்துக்குப் பூட்டினது, அப்படியே இருக்கட்டும்"னாரு. இன்னிக்கும் பூட்டு தெறக்கல. நீ பொம்மை போட்டு வைக்கிறியே, அந்தப் பெட்டிதான்.

"அதான் பின்னாடி தெறக்குதா? சாவி எங்க, அத்தை?"

ரொம்ப வருஷம் தாத்தா இடுப்புலதான் இருந்துச்சு. நீ பொறந்தப்ப உன்னை மடியில போட்டுக்கிட்டு, அவரே அவுத்து உன் அரைஞாண்ல கட்டுனாரு. "இனிமே தொலையாது"ன்னாரு. அவரை நெனைக்காத நாளில்லடா எனக்கு. இடுப்பைத் தொட்டுப் பாரு.

கிணிங்.

"ம்..."

அவ்வளவுதான், கதையைப் பூட்டியாச்சு. கண்ணையும் பூட்டிக்கோ.