சிவப்பு எழுத்தில் ஒரு வரி

“டீச்சர், சர்வர்ல இருக்கிற பதிவை எப்படி அழிக்கிறது?”

பெனடிக்ட் வாசலில் நின்றபடியே கேட்டான். கையில் மடக்காத குடை. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

ஷமீமா நிமிர்ந்தாள். அவளுக்கு இருபத்தொன்பது வயது. அவனுக்கு நாற்பத்தாறு. மருந்துக் கம்பெனி வேலை போன பிறகு, போடியில் உரக்கடைக்கு மேலே அவள் நடத்தும் வகுப்பில் சேர்ந்து இணையதளம் செய்யக் கற்றுக்கொண்டவன்.

“எந்தப் பதிவு?”

“ராஜாங்கம் அய்யா பண்ணைக்கு நான் செஞ்ச தளத்தோட பதிவு.”

அதற்கு மேல் அவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஊருக்கே தெரியும்.

மலையடிவாரத்தில் ராஜாங்கத்துக்கு ஒரு தென்னந்தோப்பு. அதற்குள் ஓடு வேய்ந்த மூன்று அறைகள். வெளியூர்க்காரர்கள் வந்து இரண்டு நாள் தங்குவார்கள். மாட்டைத் தொட்டுப் பார்ப்பார்கள். பம்புசெட்டில் குளிப்பார்கள். தோப்புக்குப் போக ஒரே வழிதான். காட்டாற்றின் குறுக்கே ஒரு தரைப்பாலம்.

வியாழக்கிழமை காலை அந்தப் பாலத்தில் ஒரு காரை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. தமயந்தி என்ற பெண் மட்டும் பாலத்துக் குத்துக்கல்லைப் பிடித்துத் தப்பினாள். அவள் கணவன் குமரகுருவின் உடல் மறுநாள் கிடைத்தது. ஏழு வயது மகள் இன்னும் கிடைக்கவில்லை.

வெள்ள நேரத்தில் ஆளை வரவழைத்தார் என்று ராஜாங்கத்தை நேற்றுச் சாயங்காலம் போலீஸ் கூட்டிப் போயிருந்தது.

“உள்ள வந்து உட்காருங்க சார்.”

அவன் உட்கார்ந்தான்.

“திங்கக்கிழமையே அய்யா போன் பண்ணிட்டார் டீச்சர். ‘மேல மழை பேயுது தம்பி, ஒரு வாரத்துக்கு யாரும் பதிவு பண்ண வேணாம்’னார். அஞ்சே நிமிஷத்துல ஸ்கிரிப்ட் எழுதிப் போட்டேன். அந்தத் தேதியைத் தொட்டா பதிவு பண்ற பட்டன் இருக்காது. அந்த இடத்துல சிவப்பு எழுத்துல ஒரு வரி வரும். ‘காட்டாற்றில் வெள்ளம். வராதீர்கள்.’ என் கம்ப்யூட்டர்ல பார்த்தேன். போன்ல பார்த்தேன். வந்துச்சு.”

“வந்தவங்க போன்ல?”

அவன் குடையைத் தரையில் வைத்தான்.

“அவங்க இருந்தது மலைமேல ஒரு எஸ்டேட். டவர் விட்டு விட்டுத்தான் கிடைக்கும் போல. பக்கம் போய்ச் சேர்ந்திருக்கு. பட்டனை மறைக்கிற ஸ்கிரிப்ட் தனி ஃபைல், அது போய்ச் சேரல.”

“அப்ப பட்டன் இருந்துச்சு.”

“இருந்துச்சு.”

“அழுத்தினாங்க.”

“அழுத்தினாங்க. சர்வர் அதுபாட்டுக்கு வாங்கிக்கிட்டு, உறுதிக் கடிதத்தை அனுப்பிருச்சு. தோப்புல ரெண்டு நாளா கரண்ட் இல்ல, போனும் எடுக்கல. ஆள் வர்றதே அய்யாவுக்குத் தெரியாது.”

“போலீஸ் உங்களைக் கேட்டாங்களா?”

“இல்ல.”

“ஏன்?”

“அய்யா என் பேரைச் சொல்லலயாம். அவர் வீட்டம்மா சொன்னாங்க. ‘தம்பி நான் சொன்னதைச் செஞ்சிருச்சு, அதை எதுக்கு இதுல இழுக்கணும்’னாராம்.”

தெருவில் ஒரு லாரி சேற்றை அடித்துக்கொண்டு போனது.

“எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு டீச்சர்” என்றான் பெனடிக்ட். “யார் எப்ப என்ன கேட்டாங்கன்னு எல்லாம் சர்வர்ல பதிவாகியிருக்கு. யாராவது எடுத்துப் பார்த்தா முடிஞ்சுது. எப்படி அழிக்கிறது, சொல்லுங்க.”

“ஒரு வரிதான்.”

அவன் மடிக்கணினியைத் திறந்து கொடுத்தான். அவள் அந்த ஒரு வரிக் கட்டளையைத் தட்டினாள். என்டரை அழுத்தாமல் அவன் பக்கம் திருப்பி வைத்தாள்.

“அழுத்தலாமா?” என்றான்.

“அழுத்துங்க. அதுக்கு முன்னாடி ஒரு தடவை வாசிச்சிருங்க.”

“எதுக்கு?”

“எதை அழிக்கிறோம்னு தெரிய வேணாமா? வாய்விட்டு வாசிங்க.”

அவன் திரையில் இன்னொரு சாளரத்தில் பதிவைத் திறந்தான். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டான்.

“புதன். காலை பதினொன்று நாற்பது. முகப்புப் பக்கத்தை அவங்க போன் கேட்டிருக்கு, போயிருக்கு. ஸ்கிரிப்ட் கேட்டது, பாதியில அறுந்திருக்கு.”

“ம்.”

“பதினொன்று நாற்பத்திமூணு. மறுபடி முகப்பு. ஸ்கிரிப்ட் அறுந்திருக்கு. நாற்பத்தாறு. ஊஞ்சல் படம். நாற்பத்தேழு. ஊஞ்சல் படம். நாற்பத்தெட்டு...”

நிறுத்தினான்.

“வாசிங்க.”

“ஊஞ்சல் படம்.”

“அடுத்தது?”

“அதே படம்தான். மொத்தம் நாலு தடவை.”

தோப்பில் இரண்டு தென்னைக்கு நடுவே கட்டிய ஊஞ்சல் அது. அந்தப் படத்தை அவனே எடுத்திருந்தான். காலியாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று, அதில் உட்கார்ந்திருந்த ராஜாங்கத்தின் பேத்தியை இறங்கச் சொல்லிவிட்டு எடுத்தான்.

“பதினொன்று ஐம்பத்தெட்டு. விண்ணப்பம் வந்திருக்கு. பெரியவர்கள் ரெண்டு. குழந்தை ஒண்ணு.”

“குறிப்புன்னு ஒரு பெட்டி வச்சிருந்தீங்களே. அதுல எழுதியிருக்காங்களா?”

“இருக்கு.”

“வாசிங்க சார்.”

அவன் திரையைக் கொஞ்சம் கீழே நகர்த்தினான். பிறகு வகுப்பில் பாடம் ஒப்பிப்பவனைப் போல ஒரே சுருதியில் வாசித்தான்.

“‘இங்கே நல்ல மழை. அங்கே எப்படி இருக்கிறது? குழந்தையோடு வரலாமா? பதில் போடவும்.’”

“என்ன பதில் போச்சு?”

“டீச்சர், வேணாம்.”

“என்ன பதில் போச்சு?”

“‘உங்கள் வருகைக்காக அன்புடன் காத்திருக்கிறோம்.’”

“யார் எழுதின வாக்கியம்?”

“நான்தான். பண்ணைக்குத் தளம் போட்ட அன்னிக்கே எழுதி வச்சேன். எல்லாருக்கும் அதான் போகும்.”

அவன் கண்ணாடியைக் கழற்றினான். முகம் சிவந்திருந்தது. குரல் திடீரென்று உயர்ந்தது.

“எனக்கு என்ன தெரியும் டீச்சர்? நீங்க சொல்லிக் குடுத்ததைத்தானே செஞ்சேன்? மூணாவது வாரம், இதே அறையில, இதே போர்டுல எழுதிப் போட்டீங்க. பட்டன் காணாமப் போறதுக்கு நாலு வரி போதும்னு. நானா கண்டுபிடிச்சேன்?”

“ஆமா. நான்தான் சொல்லிக் குடுத்தேன்.”

அவன் இதை எதிர்பார்க்கவில்லை.

“அன்னிக்கு பட்டன் காணாமப் போனதும் பதினோரு பேரும் கை தட்டினீங்க” என்றாள் ஷமீமா. “நீங்கதான் சத்தமா தட்டினீங்க. எனக்கும் சந்தோஷமா இருந்துச்சு. அதுக்கு மேல ஒண்ணு சொல்லியிருக்கணும். ஆள் கையில இருக்கிற போனை நம்பாதீங்க, சர்வர்லயும் தடுக்கணும்னு. மணி ஆயிருச்சு. அடுத்த வாரம் பார்த்துக்கலாம்னு விட்டேன். அடுத்த வாரம் வேற பாடத்துக்குப் போயிட்டேன்.”

அவள் எழுந்து துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டாள். மூலையில் கிடந்த செருப்பை மாட்டினாள்.

“எங்க போறீங்க?”

“ஸ்டேஷனுக்கு.”

“நான் இதை அழிச்சுட்டா?”

“அழிச்சாலும் நான் போகணும் சார். எனக்குத் தெரிஞ்சுபோச்சே.”

அவள் படியிறங்கினாள். அவனைக் கூப்பிடவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

பெனடிக்ட் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்த ஒரு வரி இருந்தது. அதன் முனையில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. சுண்டுவிரல் என்டர் மேல் இருந்தது.

விரலை மேலே நகர்த்தினான். வரியைக் கடைசியிலிருந்து ஒவ்வொரு எழுத்தாக அழித்தான். மடிக்கணினியை மூடி, சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஓடினான். குடை அங்கேயே கிடந்தது.

அவன் பேருந்து நிலையத்துக்கு முன்னாலேயே அவளை எட்டிப் பிடித்தான்.

காவல் நிலைய வாசலில் ஒரு பெண் தரையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளிலும் கட்டு. யாரோ கொடுத்த பெரிய சட்டை போட்டிருந்தாள். பக்கத்தில் ஒருவர் டீ டம்ளரை நீட்டிக்கொண்டே இருந்தார். அவள் அதை வாங்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. உள்ளே போகிறவர் வருகிறவர் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். பிள்ளை கிடைத்த செய்தியோடு வருகிறவரா என்று பார்த்தாள்.

பெனடிக்ட் முகத்தையும் பார்த்தாள்.

அவன் அப்படியே நின்றுவிட்டான். ஷமீமாவும் நின்றாள். அவன் கால் எடுத்து வைக்கும்வரை காத்திருந்தாள்.

உள்ளே சுவரோரம் பெஞ்சில் ராஜாங்கம் இருந்தார். வேட்டியில் சேறு காய்ந்து வெளுத்திருந்தது. வெள்ளிக்கிழமை முழுவதும் ஆற்றில் இறங்கித் தேடியவர்களில் அவரும் ஒருவர். பெனடிக்டைக் கண்டதும் பதறி எழுந்தார்.

“நீ எதுக்குத் தம்பி இங்க வந்தே? போ, போ. உனக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.”

மேசைக்குப் பின்னாலிருந்த ரைட்டர் பேனாவை நிறுத்தினார்.

“யாருய்யா இது?”

“ஒண்ணுமில்ல சார், தெரிஞ்ச பிள்ளை” என்றார் ராஜாங்கம்.

“இணையதளம் செஞ்சது நான்தாங்க” என்றான் பெனடிக்ட்.

ஷமீமா அவன் பக்கத்தில் வந்து நின்றாள். “அவருக்குச் சொல்லிக் குடுத்தது நான்.”

ரைட்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இனி ஒளித்துப் பயனில்லை என்று ராஜாங்கத்துக்குத் தோன்றியிருக்க வேண்டும். பெனடிக்ட் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அப்ப நீயே சொல்லு தம்பி. இவங்க நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறாங்க. திங்கக்கிழமையே நான் சொன்னேன்ல? அன்னிக்கே நீ பதிவை மூடிட்டேல்ல? சொல்லு.”

“நீங்க சொன்னது நிஜம்தாங்கய்யா.”

“மூடிட்டேல்ல?”

“மூடலைங்கய்யா. பட்டனை மறைச்சேன்.”

ராஜாங்கத்தின் கை தளர்ந்தது.

ரைட்டர் எரிச்சலோடு தாளைத் திருப்பினார். “ரெண்டும் ஒண்ணுதானேய்யா?”

“நானும் அப்படித்தாங்க நினைச்சேன்.”