கல்லுக்கு முன்னால் ஒரு கற்பூரம்

பட்டணத்துப் பேராசிரியர் சுகவனம் போன வருஷம் எங்கள் பேச்சியம்மன் கோயில் கொடைத் திருவிழாவை ஆராய வந்தார். எங்கள் சோற்றைத் தின்றுவிட்டுப் போய், "சாமியாட வைக்கக் குழந்தைகளுக்குச் சாராயம் ஊற்றுகிறார்கள், கண்ணால் பார்த்தேன்" என்று புத்தகம் போட்டார். எவ்வளவு பெரிய அயோக்கியத்தனம்! அதைப் படித்த தாசில்தார் இந்த வருஷக் கொடைக்குத் தடை போட்டார். விசாரிக்கக் கோயிலுக்கே வந்தார்.

பேராசிரியரும் கூடவே வந்து, "ஊற்றவில்லை என்று நிரூபியுங்கள் பார்ப்போம்" என்றார். நடக்காததை எப்படி நிரூபிப்பது?

கோயில் வாசல் கூட்டும் மாடத்தி முன்னால் வந்தாள். அம்மன் முன் கற்பூரம் ஏற்றி, "எந்தப் பிள்ளைக்கும் சாராயம் கொடுக்கல" என்று சொல்லி உள்ளங்கையால் அடித்து அணைத்தாள். எங்கள் ஊரில் சத்தியம் செய்வது அப்படித்தான்.

பேராசிரியர் சிரித்தார். "இதெல்லாம் மூடநம்பிக்கை அம்மா. அது வெறும் கல்."

"அப்ப உங்களுக்கு என்னய்யா கஷ்டம்?" மாடத்தி இன்னொரு கற்பூரம் ஏற்றினாள். "கண்ணால பார்த்தேன்னு சொல்லி அணைங்க."

அவர் கை பாதி தூரம் போய் நின்றது. "சுடுமே" என்றார்.

"நான் அணைக்கலையா?"

கற்பூரம் எரிந்து தீரும்வரை அந்தக் கை இறங்கவில்லை. "நான் பார்க்கவில்லை. டீக்கடையில் யாரோ சொன்னார்கள்" என்று முனகினார்.

தாசில்தார் அங்கேயே தடையை நீக்கினார். மாடத்தி விடவில்லை. "கல்லுன்னு சொன்னவரும் இவருதான், கல்லுக்குப் பயந்தவரும் இவருதான். ஆராய்ச்சியில இதையும் எழுதச் சொல்லுங்கய்யா."

பேராசிரியர் எழுதவில்லை. அந்தப் புத்தகத்தைத்தான் இன்னும் காலேஜில் பாடமாக வைத்திருக்கிறார்கள்.