வெயில் தின்ற கைகள்

மருதவனத்து ஈசருக்குப் பங்குனித் திருவிழாவில் உச்சி வெயிலில்தான் வீதியுலா. அந்த உலாவில் சுவாமிக்குக் குடை பிடிப்பது பிச்சாண்டியாரின் தொண்டு. இளமையில் எடுத்த குடையை அவர் தள்ளாத வயதிலும் விடவில்லை. மற்ற நாட்களில் கோயில் நெல்லை முற்றத்தில் காயவைத்துக் காவல் இருப்பார். சுவாமிக்கு நிழல், தமக்கு வெயில் என்பதில் அவருக்கு அப்படியொரு பெருமை.

வெயில் சும்மா விடுமா? வயது ஏற ஏற அவருடைய முன்கைத் தோல் வெங்காயச் சருகாக மெலிந்தது. கதவு இடித்தாலும் மூட்டை உரசினாலும் கருஞ்சிவப்பாகக் கன்றிவிடும். ஒன்று மறையுமுன் இன்னொன்று வரும். அவர் காத்துக் கொடுத்த நெல்லை உண்டவர்களே ஒட்டிக்கொள்ளும் பெருவியாதி என்று முகம் சுளித்து ஒதுங்கினார்கள்.

கொடியேற்றத்தன்று கோயில் மணியகாரர் வாகீசம் பிள்ளை, சன்னிதித் தெருவில் எல்லோரும் பார்க்கப் பிச்சாண்டியாரின் கையைப் பற்றித் தூக்கினார்.

"நல்லாப் பாத்துக்குங்க! உடம்புல பழுது உள்ளவன் குடையைத் தொடப்படாதுங்கறது கோயில் வழக்கம். ஓய், இனிமே சாமி பக்கமே வரப்படாது!"

மணியகாரர் பிடித்த இடத்தில் விரல்களின் தடம் அப்படியே கன்றியது. அதையும் நோய் என்றே சொல்லிச் சிரித்தார்கள். ஊர் வைத்தியர் அய்யாக்கண்ணு மட்டும் குறுக்கே வந்தார்.

"இது ஒட்டிக்கிற நோய் இல்லீங்க. காலமெல்லாம் வெயில் தின்ன தோலு. உள்ளே ரத்தக் குழாயைத் தாங்குற சதை நைஞ்சு கெடக்கு. லேசாப் பட்டாலே குழாய் உடைஞ்சு, ரத்தம் தோலுக்கடியில தங்கிடும்."

"வைத்தியரே, உம்ம வேலையைப் பாரும்," என்று வெட்டினார் மணியகாரர்.

பிச்சாண்டியார் கோபிக்கவில்லை. "என் அப்பன் மேல வெயில் படாமப் பாத்துக்கச் சொல்லுங்க," என்று மட்டும் வேண்டினார்.

உலா நாளில் வேறொருவர் பட்டுக்குடை பிடித்தார். எப்படிச் சாய்த்தும் அதன் நிழல் சுவாமிமேல் விழவில்லை. தூரத்தில், மரமோ கூரையோ இல்லாத தெருமுனையில் நின்றிருந்த பிச்சாண்டியாரைச் சுற்றி அந்த வட்ட நிழல், குஞ்சம் ஆட ஆடக் கிடந்தது.

அவர் பதறிப்போனார். "வேணாம்ப்பா! நீ காயிறியே!" என்று விலகினார். நிழலும் கூடவே நகர்ந்தது. அதைச் சுவாமியிடம் சேர்க்க வேறு வழி தெரியாமல் தமக்கு விதித்த தடையை மறந்து ஓடினார். வழியில் தடுக்கி விழுந்தார். தொட அஞ்சி ஒருவரும் தூக்கவில்லை. கைகள் முழுவதும் கன்ற, ஊர்ந்தே சென்று சுவாமி முன் சேர்ந்தார். நிழல் இருவரையும் மூடியது. ஈசரின் திருமுகம் குளிர்ந்ததைக் கண்ணாரக் கண்டு, அந்த நிழலிலேயே அவர் உயிர் நீத்தார்.

அதன்பிறகுதான் அந்தக் கைகளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள ஊர் முண்டியடித்தது. வாகீசம் பிள்ளைக்கு, அன்று அவரைப் பற்றித் தூக்கிய தம் கையை எங்கே ஒளிப்பதென்று தெரியவில்லை.

வெயிலைத் தாம் வாங்கி இறைவனுக்கு நிழலைத் தந்த பிச்சாண்டியாரின் கன்றிய கைகள் நம் தலைமேல் இருக்கட்டும்.