ஓடைக்குருவியை விரட்டிய வருஷம்

ஓடைக்குருவி கிளம்பும் முன்பே சடையன் கோழிகளை அடை வைத்துவிட்டான். எல்லாம் கெட்டது இதனால்தான்.

அந்தக் காலத்தில் பறவைக்கும் மனுஷனுக்கும் ஒரே பேச்சு. காகம் பொய் சொன்னால் தெரிந்துவிடும். கோழி திட்டினால் சுருக்கென்று தைக்கும். மலை உச்சிக்குச் சற்றுக் கீழே, ஓடைக்கரையில், சடையனும் அவன் பெண்டாட்டி நஞ்சியும் கோழி வளர்த்தார்கள். விடிந்ததும் பஞ்சாரக் கூடையைத் தூக்குவான். கோழிகள் வெளியே வந்து முதலில் அவனிடம் வம்பளக்கும். பிறகுதான் தீனி. அவற்றில் ஒரு பொரிப்பெட்டை, உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. பொரியாள் என்று பெயர். வாய் அதிகம்.

"என்ன அண்ணே, மூஞ்சி வத்திக் கிடக்கு? அண்ணி கஞ்சி ஊத்தலையா?"

"நீ முட்டை போடற லட்சணத்துக்குக் கஞ்சி ஒண்ணுதான் குறைச்சல்."

"நான் போடறேன். நீ ஒண்ணு போட்டுக் காட்டேன்."

இந்தப் பேச்சு இல்லாமல் அவனுக்குப் பொழுது விடிந்த மாதிரி இருக்காது.

வாசலுக்கு வரும் காட்டுப் பறவைகளில் இரண்டோடு அவனுக்கு உடன்பாடு உண்டு. ஒன்று ஓடைக்குருவி. குளிரோடு வடக்கிலிருந்து வரும். ஓடை நடுவில் ஒரு பாறை, அதில் வால் அசையாமல் நிற்கும். குளிர் முடிந்து ஊர் திரும்புகிற அன்று மட்டும், போகிறேன் என்பதற்கு அடையாளமாக வாலை மேலும் கீழும் ஆட்டிவிட்டுப் பறக்கும். அன்றைக்குத்தான் முட்டைகளை அடை வைப்பார்கள். குருவியின் வால் ஆடாமல் கோழி முட்டைமேல் உட்காரக் கூடாது. அந்த வீட்டில் தலைமுறை தலைமுறையாக இதுதான் வழக்கம்.

இன்னொன்று கரிச்சான். கறுப்புக் குருவி, பிளந்த வால். வாசலோரத்துப் பட்டமரத்தின் நுனியில் அதற்கு இடம். வானத்தைப் பார்ப்பது அதன் வேலை. பருந்து தெரிந்தால் "உள்ளே ஓடு!" என்று ஒரு கத்தல். கோழிகள் தலையைத் தூக்கியே பார்த்ததில்லை. பார்க்கத்தான் ஆள் இருந்ததே. இரண்டு குருவிகளுக்கும் தினம் ஒரு கை சாமை.

அந்த வருஷம் குளிர் போகவில்லை. தை போயிற்று, மாசி போயிற்று. பங்குனி பிறந்தும் காலையில் புல் வெள்ளையாகத்தான் இருந்தது. சாமைக் கதிர் பனியில் கருகிப்போனது. தானியக் குதிரில் கையை விட்டால் அடி தட்டியது. குஞ்சு பொரித்து வளர்த்துக் கீழ்நாட்டுக்குக் கொண்டுபோய்த் தானியம் மாற்றினால்தான் அடுத்த மழை வரை வயிறு நிறையும். இல்லாவிட்டால் வீட்டைப் பூட்டிக்கொண்டு மலையிறங்கிக் கூலிக்குப் போக வேண்டும். அப்படிப் போன குடும்பம் எதுவும் திரும்பி மேலே வந்ததில்லை.

சடையன் தினம் ஓடைக்குப் போய் நிற்பான்.

"கிளம்பலையா?"

"இன்னும் இல்லை மாமா," என்றது குருவி. "வடக்கே இன்னும் விறைப்பு விடலை. இங்கேயும் இனிமேதான் ஒரு பெரிய பனி இருக்கு. வாடை அடிக்கிறது தெரியலை?"

"பங்குனி வந்தாச்சு."

"மாசத்தை நீங்க வச்சிருக்கீங்க. குளிரு எங்கிட்ட இருக்கு."

சடையனுக்குச் சுர்ரென்று ஏறியது. வீட்டுக்கு வந்து நஞ்சியிடம் கத்தினான். "ஓசிச் சாமை ருசி கண்டுபோச்சு அதுக்கு. எதுக்குக் கிளம்பும்?"

"கையளவு சாமையில குடியா முழுகிடும்? பொறுய்யா," என்றாள் நஞ்சி. "இவ்வளவு நாள் பொறுத்தாச்சு."

"பொறுத்துப் பொறுத்துத்தான் குதிர் காலி."

மறுநாள் காலை ஓடைக்குப் போனவன் எதுவும் கேட்கவில்லை. குனிந்து ஒரு கல்லை எடுத்தான். எறிந்தான். கல் பாறையில் பட்டுத் தெறித்துக் குருவியின் வாலை உரசிக்கொண்டு போனது. குருவி திடுக்கிட்டது. பயத்தில் அதன் வால் வெடவெடவென்று மேலும் கீழும் ஆடியது. அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பறந்துபோனது.

வால் ஆடியதா? ஆடியது. போயிற்றா? போயிற்று. சடையனுக்கு அது போதுமாக இருந்தது. திரும்பி வரும்போதே முக்கால்வாசி நம்பிவிட்டான்.

"வால் ஆடிச்சு!" என்றான் வாசலில் நின்று. "என் கண்ணால பாத்தேன். எல்லாரும் உட்காருங்க."

பட்டமரத்தில் இருந்த கரிச்சான் தொண்டையைச் செருமியது. "ஆடினது நெசந்தான். கல்லு வந்ததையும் சேர்த்துச் சொல்லேன்."

கோழிகள் அப்போது தீனிக்கு அடித்துக்கொண்டிருந்தன. எதன் காதிலும் விழவில்லை. சடையன் காதில் விழுந்தது. இன்னொரு கல்லை எடுத்தான்.

"போடா கரிமூஞ்சி! உனக்கு அளக்கற சாமையாவது மிஞ்சட்டும்!"

கரிச்சான் கல்லுக்கு விலகிக்கொண்டது. "மிஞ்சட்டும்," என்று சொல்லிவிட்டுக் காட்டோரத்துக்குப் போய்விட்டது.

பொரியாள் மட்டும் அடைக்கூடையில் ஏறும் முன் ஒரு கணம் நின்றது. "தரை இன்னும் சில்லுன்னுதானே இருக்கு அண்ணே. நெசமாவே ஆடிச்சா?"

"நான் பொய் சொல்வேனா?"

"நீ சொன்னா சரி," என்று முட்டைமேல் உட்கார்ந்தது.

குருவி சொன்ன பெரிய பனி அதற்குப் பிறகுதான் விழுந்தது. ஓடை ஓரம் தண்ணீர் கண்ணாடி மாதிரி உறைந்தது. கோழிகள் இறகைப் பரத்திக்கொண்டு உட்கார்ந்தே இருந்தன. தண்ணீர் குடிக்க எழுந்துபோய் வருவதற்குள் முட்டை ஜில்லிட்டுவிடும். அதனால் எழவும் இல்லை. இளைத்தன. ஒன்று உட்கார்ந்தபடியே விறைத்துக் கிடந்தது. நஞ்சி அதைத் தூக்கியபோதும் அதன் இறகு முட்டையை மூடும் வாக்கில் விரிந்தே இருந்தது.

நாள் கடந்தது. முட்டை ஓட்டை உடைத்துக்கொண்டு எதுவும் வரவில்லை. நஞ்சி முட்டையைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தாள். களக் களக்கென்றது. ஒவ்வொன்றும் அப்படித்தான். கொல்லையில் குழி வெட்டிப் புதைத்தாள். சடையன் அந்தப் பக்கமே போகவில்லை. நாற்றம் மட்டும் அவன் இருக்கும் இடத்துக்கு வந்தது.

ஒரு கூடை மட்டும் தப்பியது, அடுப்படிச் சுவரோரம் இருந்த பொரியாளுடையது. சுவரின் சூட்டில் அதற்கு மூன்று குஞ்சு பொரிந்தது. வெளியே கூட்டிக்கொண்டு வந்த முதல் நாளே பருந்து ஒன்றைத் தூக்கியது. மறுநாள் இன்னொன்று. கத்தி எச்சரிக்க மரத்தில் ஆள் இல்லை. கோழிக்கு மேலே பார்க்கவும் தெரியவில்லை.

அன்றைக்குத் தண்ணீருக்குப் போன நஞ்சி குடத்தோடு வேகமாக வந்தாள்.

"ஏய்யா, அந்தக் குருவி போகவே இல்லையே! கீழ் ஓடையில நிக்குது. நிக்கும்போதும் வாலை ஆட்டுது, நடக்கும்போதும் ஆட்டுது, ஓயாம ஆட்டுது. ஏன்னு கேட்டேன். 'எப்பக் கல்லு வருமோ தெரியலை அக்கா. ஒரு நடுக்கம் புடிச்சுக்கிச்சு. அதுவும் நல்லதுக்குத்தான். இனிமே எந்த ஆட்டத்துல நான் கிளம்பறேன்னு உன் புருஷனால கண்டுபிடிக்க முடியாது'ங்குது. என்னய்யா பண்ணின நீ?"

பொரியாள் பக்கத்திலேயே நின்றது. மிச்சமிருந்த ஒரு குஞ்சு அதன் இறகுக்குள் இருந்தது.

"அண்ணே," என்றது. "ஆடிச்சா?"

சடையன் தரையைப் பார்த்தான். ஒரு வார்த்தை. தப்பு பண்ணிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். அவன் சொல்லவில்லை.

"ஆடத்தான் ஆடிச்சு," என்றான்.

பொரியாள் அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பியது. குஞ்சைக் கூட்டிக்கொண்டு வாசலைத் தாண்டியது. கருகிய சாமைக்காட்டின் குறுக்கே காட்டோரம் பார்த்து நடந்தது. அந்தச் சாமைக்காட்டில் ஒளிய ஒரு புல் கிடையாது. மேலே பருந்து வட்டம் போட்டுக்கொண்டிருந்தது.

"ஏ பொரியா! மேல பாரு!" சடையன் கம்பை எடுத்துக்கொண்டு ஓடினான். ஓடி எட்டுகிற தூரமா அது?

காட்டோரத்து மரக்கிளையில் கரிச்சான் இருந்தது.

"கரிச்சா," என்றது பொரியாள், மூச்சு வாங்க. "ஒண்ணுதான் மிச்சம்."

"அவன் அனுப்பினானா?"

"இல்லை."

"சாமை தரேன்னானா?"

"இல்லை. நானாத்தான் வந்தேன்."

"தந்தாலும் இனி தொடமாட்டேன். புழு பூச்சி போதும் எனக்கு." பருந்து தாழ்ந்தது. கரிச்சான் அதைப் பார்த்தபடியே கேட்டது. "அவன் பேச்சைக் கேட்டுத்தானே பனியில உட்காந்தே? இன்னும் அவனோட பேசறியா?"

பொரியாள் திரும்பிப் பார்த்தது. சாமைக்காட்டு நடுவில் சடையன் கம்போடு நின்றுகொண்டிருந்தான். கேட்கிற தூரத்துக்கு வந்துவிட்டிருந்தான்.

"இல்லை," என்றது.

பருந்து இறக்கையைச் சுருக்கிக்கொண்டு விழுந்தது. கரிச்சான் இந்த முறை கத்திவிட்டுச் சும்மா இருக்கவில்லை. எகிறி, அதன் முதுகில் ஏறி, பிடரியில் கொத்தியது. பருந்து புரண்டது. மறுபடி கொத்து. ஒரு முழம்கூட இல்லாத குருவி, அத்தனை பெரிய பறவையை மலைச்சரிவு தாண்டித் துரத்திவிட்டு வந்து பழைய பட்டமரத்தின் நுனியில் உட்கார்ந்தது.

பொரியாளும் வீட்டுக்கே திரும்பியது. வேறு எங்கே போகும்? தாழ்வாரத்தில் நஞ்சி மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். மலையிறங்க வேண்டும். சடையன் கடைசிச் சாமையில் ஒரு கை எடுத்து மரத்தடியில் போட்டான். கரிச்சான் குனிந்துகூடப் பார்க்கவில்லை. பிறகு பொரியாள் முன்னால் போய்க் குந்தினான்.

"பொரியா. எம்மேல கோவமா? திட்டேன். நாலு வார்த்தை திட்டிடேன்."

பொரியாள் தலையைச் சாய்த்து, ஒரு கண்ணால் வானத்தைப் பார்த்தது. மறு கண்ணால் அவனைப் பார்த்தது.

"கொக்," என்றது.

அன்று முதல்தான் ஓடைக்குருவிக்கு வால் நிற்பதில்லை, பெயரும் வாலாட்டி என்றாகிவிட்டது. அன்று முதல்தான் கோழி மனுஷனிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை, ஒரு கண்ணை வானத்தில் வைத்துக்கொண்டே தின்கிறது. மனுஷன் எவ்வளவு தானியம் இறைத்தாலும் தொடாமல், கூலி கேட்காமல், இன்றைக்கும் கோழிக்குஞ்சுக்காகப் பருந்தின் முதுகில் ஏறிக் கொத்துகிறவன் ஒருவன்தான். கரிச்சான்.