ஆலங்கரட்டை விட்டுக் கிளம்பிய மாலை

சோலையப்பர் அன்று காலையே ஆலங்கரட்டை விட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். மூட்டைகூடக் கட்டியாகிவிட்டது.

கடலோரத்தில் உப்பு வியாபாரம் செய்தவர் அவர். மனைவி இறந்ததும் கடையை மூடிவிட்டு மாசிலா அம்மை என்ற துறவியைத் தேடிப் போனார். அம்மை அவரைவிடப் பல வயது இளையவள். "தனியாக நடந்து பாருங்கள், பெரியவரே" என்று மட்டும் சொல்லி அனுப்பினாள். அன்றிலிருந்து அவரும் துறவியாக ஊர் ஊராக நடந்துகொண்டிருக்கிறார். ஓர் ஊரை விட்டு எப்போது கிளம்புவது என்பது மட்டும் அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. சில ஊர்களை விட்டு அவசரமாகப் புறப்பட்டு, வழியெல்லாம் அந்த ஊரையே நினைத்தபடி நடந்தார். சில ஊர்களில் போதும் போதும் என்றான பிறகும் கிடந்தார்.

ஆலங்கரடு மலையடிவாரத்தில் ஆடு மேய்ப்பவர்களின் ஊர். ஊருக்கு வெளியே பாழாய்க் கிடந்த ஓர் ஓலைக் கொட்டகையில் தங்கியிருந்தார். கிளம்பலாம் என்று முந்தின நாளே தோன்றிவிட்டது. யாரோடும் சண்டையில்லை, சலிப்பும் இல்லை. தோன்றியது, அவ்வளவுதான்.

மூட்டையைத் தோளில் போடும்போதுதான் ஊர்க்காரர்கள் சடைச்சி என்ற பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

ஊரில் விஷக்காய்ச்சல் பரவியிருந்தது. காய்ச்சல் கண்டவளை ஊருக்குள் வைத்திருக்க முடியாதென்று கொட்டகையில் கிடத்திவிட்டுத் திரும்பினார்கள். தலைப்பக்கம் பிடித்து வந்தவன் அவள் கணவன் வீரணன். அவன் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

சோலையப்பர் மூட்டையை இறக்கி வைத்தார். ஊற்றிலிருந்து தண்ணீர் மொண்டு வந்து, துணியை நனைத்து அவள் நெற்றியில் போட்டார்.

உச்சி வெயிலில் ஊர்த்தலைவன் தொட்டப்பன் நாலைந்து பேரோடு வந்து எட்டத்தில் நின்றான்.

"நீங்க வந்த பெறகுதான் சாமி காய்ச்சல் வந்துச்சு. பொழுது சாயறதுக்குள்ள கெளம்பிடுங்க."

"இந்தப் பெண்?"

"அவ தலையெழுத்துப்படி ஆகட்டும்."

"தண்ணீர் கொடுக்க ஓர் ஆள் வேண்டுமே, அப்பா."

"நீங்க போகலேன்னா கொட்டாய்க்குத் தீ வெப்போம். அப்புறம் எங்களைக் குத்தம் சொல்லாதீங்க."

அவர்கள் போய்ச் சற்று நேரத்தில் மலைப்பாதை வழியாக மாசிலா அம்மை இறங்கி வந்தாள். அவளும் தனியாக நடப்பவள். இருவரும் எதிர்ப்படுவது அபூர்வம். சோலையப்பர் ஓடிப்போய் வணங்கி, நடந்ததைச் சொன்னார்.

"நான் போகவா, இருக்கவா, தாயே?"

"நேற்று என்ன நினைத்தீர்கள்?"

"போகலாம் என்று."

"அப்படியானால் போகலாமே."

"இப்போது போனால் பயந்து போனதாக ஆகும்."

"அப்படியானால் இருங்கள்."

"இருந்தால் வீம்புக்கு இருந்ததாக ஆகும். தீ வைத்தால் இவளும் அல்லவா வெந்து போவாள்? தூக்கிக்கொண்டு போய்விடலாமா?"

"அடுத்த ஊர் எங்கே?"

"மலைக்கு அந்தப் பக்கம்."

அம்மை அவருடைய மெலிந்த தோள்களைப் பார்த்தாள். பிறகு அவர் மூட்டையை அவிழ்த்து, போர்வையை எடுத்து, சடைச்சியின் மேல் போர்த்தினாள்.

"என்னிடம் இருப்பதே அது ஒன்றுதான், தாயே."

"நடுங்குகிறாள்."

சோலையப்பர் சடைச்சியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் உதடுகளில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டார்.

வெயில் தாழ்ந்தது. அம்மை வெளியே எட்டத்தில் ஒரு மரத்தடியில் போய் உட்கார்ந்தாள். ஊர்ப்பக்கம் நாய்கள் குரைத்தன. கையில் தீப்பந்தத்தோடு தொட்டப்பன் முன்னால் வந்தான். பின்னால் ஊரே வந்தது.

சோலையப்பர் எழுந்தார். வாசலை மறித்து நின்றார்.

"கெளம்புறீங்களா, இல்லையா?"

"இவளைத் தனியாக விட்டுவிட்டுப் போக மாட்டேன்."

"அவ எங்க ஊர்க்காரி. உங்களுக்கு என்ன?"

"உங்கள் ஊர்க்காரி என்றால் உங்களில் ஒருவர் வாருங்கள். நான் போய்விடுகிறேன்."

யாரும் அசையவில்லை. கூட்டத்திலிருந்து ஒரு கல் பறந்து வந்து அவர் நெற்றியில் பட்டது. ரத்தம் புருவத்தில் இறங்கியது. அவர் அதைத் துடைக்கவில்லை. தொட்டப்பன் பந்தத்தைத் தூக்கிக்கொண்டு கூரையை நெருங்கினான். ஓலைக்கும் நெருப்புக்கும் நடுவே ஒரு முழம்தான் இருந்தது.

உள்ளே சடைச்சி முனகினாள். கணவன் பெயரைத்தான் சொன்னாள்.

கூட்டத்தின் கடைசியில் நின்ற வீரணன் ஆட்களைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தான். தொட்டப்பனின் கையைப் பிடித்தான்.

"எறக்குங்க."

"டேய், உள்ளே போனா திரும்ப ஊருக்குள்ள வர முடியாது."

"சரி."

"ஆட்டுப் பட்டியிலயும் உனக்குப் பங்கு கெடையாது."

"சரின்னு சொல்லிட்டேனே!" வீரணனின் குரல் உடைந்தது. "கொளுத்துறதா இருந்தா நான் உள்ளே போன பெறகு கொளுத்துங்க."

சோலையப்பர் ஒதுங்கி வழிவிட்டார். வீரணன் குனிந்து உள்ளே போனான். காலையில் பார்க்காத முகத்தை அப்போது பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

தொட்டப்பன் கையைத் தாழ்த்தினான். பிறகு பந்தத்தை மண்ணில் குத்தி அணைத்தான். ஒருவர் பின் ஒருவராகக் கூட்டம் கலைந்தது. போனவர்களில் ஒருத்தி மட்டும் திரும்பி வந்து, ஒரு கலயம் கஞ்சியைத் தூரத்தில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் நடந்தாள்.

சோலையப்பர் நீண்ட மூச்சு விட்டார். உடம்பெல்லாம் ஒரு புதுத் தெம்பு பரவியது. கொட்டகையைக் கூட்டிப் பெருக்கலாம், கூரையைச் சரிசெய்யலாம் என்று என்னென்னவோ யோசனைகள் வந்தன.

அம்மை அதற்குள் வந்து அவர் மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"கிளம்புங்கள், பெரியவரே."

"இப்போதா? மத்தியானம் கேட்டபோது நீங்கள் போகச் சொல்லவில்லையே!"

"மத்தியானம் இவளுக்குத் தண்ணீர் கொடுக்க யார் இருந்தார்கள்?"

"நான் மட்டும்தான்."

அம்மை கொட்டகைக்குள் திரும்பிப் பார்த்தாள். அவரும் திரும்பிப் பார்த்தார். வீரணன் சடைச்சியின் தலையை மடியில் வைத்துத் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தான். பாதித் தண்ணீர் அவள் கழுத்தில் வழிந்தது.

"அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை, தாயே. துணியைப் பிழியக்கூடத் தெரியவில்லை."

"பழகிக்கொள்வான்."

"இந்த ஊர் இப்போதுதான் இளகியிருக்கிறது. பொழுது விடிந்தால் எல்லோரும் என்னிடம் வருவார்கள்."

"ஆமாம். வருவார்கள்."

அவள் அதைச் சொன்ன விதத்தில் சோலையப்பர் தலையைக் குனிந்துகொண்டார். ஆனாலும் அவர் கால்கள் நகரவில்லை. மிகவும் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"இப்போது கிளம்பினால், சாமியார் கடைசியில் பயந்து ஓடிவிட்டான் என்று சொல்வார்கள், தாயே."

அம்மை மூட்டையை அவர் தோளில் வைத்தாள்.

"சொல்லட்டும். கேட்பதற்கு நீங்கள் இங்கே இருக்கப்போவதில்லையே."